ஐம்பது, இருபது, முப்பது

கோயம்புத்தூர்ப் பக்கம் பிளஸ் டூ படிக்கும் பிள்ளை உள்ள வீட்டுக்குத் தனி மரியாதை உண்டு. கல்யாணத்துக்கு வராவிட்டால் கேட்கமாட்டார்கள். சீருக்கு வராவிட்டால் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். மாரியாத்தா நோம்பிக்கு மாவிளக்கு எடுக்க வராவிட்டாலும் பங்காளிகள் பொறுத்துப்போவார்கள். "பையன் டுவெல்த்துங்க" என்று சொன்னால் போதும். கேபிளைப் பிடுங்கியாகிவிட்டது, பெரியவர் இருமுவதென்றால்கூட வாசலுக்குப் போய்த்தான் இரும வேண்டும் என்பதெல்லாம் அதிலேயே அடக்கம்.

அந்த மரியாதை 2021 ஜூன் 5 அன்று ஒரே அறிவிப்பில் போய்விட்டது. பிளஸ் டூ பொதுத்தேர்வு ரத்து என்றார் முதல்வர் மு.க.ஸ்டாலின். நாலு நாள் முன்பே சி.பி.எஸ்.இ. தேர்வும் ரத்தாகியிருந்தது. கொரோனா இரண்டாம் அலையில், தினசரித் தொற்றில் கோவை சென்னையையே முந்தியிருந்த நேரம். அறிவிப்பைக் கேட்டுப் பிள்ளைகள் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். அப்பாக்களுக்குத்தான் மூச்சு முட்டியது.

அந்த அப்பாக்களில் ஒருவரைப் பார்ப்போம். பெயர் வேண்டாம். தெருவுக்கு மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் பெயரைச் சொன்னால் மற்ற இருவரும் கோபித்துக்கொள்வார்கள். நம்மவர் என்று வைத்துக்கொள்வோம்.

நம்மவர் கணபதியில் நாலு லேத் போட்டு, பம்ப் செட்டுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பவர். மனிதர்கள் சொல்வதை அவ்வளவாக நம்பமாட்டார். மைக்ரோமீட்டர் சொன்னால் நம்புவார். வாழ்க்கையில் அவருக்குப் புரிந்த கல்விக் கொள்கை ஒன்றே ஒன்று: எது கணக்கில் வருகிறதோ அதற்கு மட்டும் பணம் போட வேண்டும்.

அதனால்தான் பத்தாவது முடித்த கையோடு பையனைக் கொண்டுபோய் நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தார். அந்த ஊரில் கோழிப்பண்ணைகளும் அதிகம், விடுதிப் பள்ளிகளும் அதிகம் என்பதால் 'பிராய்லர் பள்ளி' என்று நம் மக்கள் பெயரே வைத்துவிட்டார்கள். நம்மவருக்கு அந்தப் பெயரில் ஆட்சேபணை இல்லை. எடை கூடினால் சரி.

அந்தப் பக்கப் பள்ளிகள் பலவற்றில் ஒரு காலத்தில் பிளஸ் ஒன் பாடத்தைத் தொடவே மாட்டார்கள். இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடம்தான். அதைத் தடுக்கத்தான் 2017-18-இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. கொண்டுவந்த அமைச்சர் கே.ஏ.செங்கோட்டையன் நம்ம கோபிச்செட்டிபாளையத்துக்காரர். மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று ரேங்க் அறிவிப்பதை அதே 2017-இல் நிறுத்தியவரும் அவர்தான். "நம்மூர்க்காரரே இப்படிப் பண்ணலாமுங்களா" என்று நம்மவருக்கு அதில் நெடுநாள் வருத்தம். ஆனால் மறு வருஷமே பிளஸ் ஒன் மார்க் உயர்கல்விக்குக் கணக்கில்லை என்று அறிவிப்பு வந்தது. நம்மவர் அதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். விடுதியிலிருந்து பையன் போன் பண்ணினால், "லெவன்த்துல பாஸ் பண்ணுனாப் போதுஞ் சாமி, நெம்ப அலட்டிக்காதே. அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்பார்.

அந்த அடுத்த வருஷம்தான் வரவேயில்லை. 2020 மார்ச்சில் பிளஸ் ஒன் கடைசிப் பரீட்சைக்கு முன்பே ஊரடங்கு. ட்ரங்குப் பெட்டியோடு வீட்டுக்கு வந்த பையன், பிளஸ் டூ பாடத்தின் பெரும்பகுதியைச் செல்போனில் படித்தான். படித்தான் என்று நம்மவர் நம்பினார்.

பரீட்சை இல்லை என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அப்பொ மார்க்கை எங்கிருந்துங்க எடுப்பாங்க?" நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்ல அரசு ஒரு குழு போட்டது. ஜூலை 31-க்குள் முடிவுகளை வெளியிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்குக் கெடு வைத்தது. நம்மவர் மனதில் ஓடியதோ 2020-இல் தங்கச்சி மகளுக்கு நடந்த கதை. அவளுடைய பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்தானபோது, காலாண்டு, அரையாண்டு மார்க்குக்கு 80 சதவீதம், வருகைப்பதிவுக்கு 20 சதவீதம் என்றார்கள். நோம்பிக்கு ஊருக்குக் கூட்டிப்போன லீவுக்கெல்லாம் மார்க் போனது. அன்றைக்குத் தங்கச்சி வீட்டைப் பார்த்துச் சிரித்தவர் இப்போது வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

காத்திருப்பதற்கு ஒரு இடம் வேண்டுமல்லவா? கொங்குநாட்டு ஆண்கள் எதற்குக் காத்திருந்தாலும் பேக்கரியில்தான் காத்திருப்பார்கள். கையில் டீயும் தட்டில் தேங்காய் பன்னும் இருந்தால் எந்த முடிவும் வரட்டும் என்று தெம்பாக இருக்கலாம். ஜூன் 14-இல் 27 மாவட்டங்களில் டீக்கடைகளுக்கு அனுமதி கொடுத்தார்கள். விட்டுப்போன 11 மாவட்டங்களில் கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், நாமக்கல், கரூர், நீலகிரி என்று நம்ம பக்கம் மொத்தமும் இருந்தது. ஆக நம்மவர் வீட்டிலேயே காத்திருந்தார். சோபாவிலிருந்து எழுந்து பையன் அறைக் கதவு வரை போவார்; திரும்பி வருவார். கதவுக்குள் பையன் தூங்கிக்கொண்டிருப்பான்.

"ஏனுங், அவன் தூங்குனா உங்களுக்கு என்னுங்? படிக்கறதுக்குத்தான் ஒண்ணுமில்லையே" என்பார் வீட்டம்மா.

"படிக்கறதுக்கு ஒண்ணுமில்லாட்டி, கவலப்படறதுக்குமா ஒண்ணுமில்ல?" என்பார் இவர்.

வீட்டம்மாவின் சிக்கல் வேறு. மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்தடியில் வைத்தாகிவிட்டது. மருதமலைக்குப் போகலாமென்றால் கோயில் அடைத்திருந்தது. அதைவிட, என்னவென்று வேண்டிக்கொள்வது என்பதே விளங்கவில்லை. கேள்வித்தாள் சுலபமாக வர வேண்டும் என்றோ, பேப்பர் திருத்துபவர் நல்ல மனநிலையில் இருக்க வேண்டும் என்றோ வழக்கமாக வேண்டலாம். இப்போது மார்க்கெல்லாம் எப்போதோ விழுந்துவிட்டது. பின்னால் போய்த் திருத்துவதற்கு மருதமலையானுக்கும் அதிகாரம் இருக்கிறதா, தெரியவில்லை.

ஜூன் கடைசியில் சூத்திரம் வந்தது. பத்தாம் வகுப்பில் அதிக மார்க் வாங்கிய மூன்று பாடங்களின் சராசரிக்கு 50 சதவீதம். பிளஸ் ஒன் எழுத்துத் தேர்வுக்கு 20. பிளஸ் டூ செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் சேர்த்து 30.

நம்மவர் டெலிவரி சலான் புத்தகத்தைத் திருப்பி, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். பத்தாவதில் பையன் சமூக அறிவியலில் 96, தமிழில் 92, அறிவியலில் 91. சராசரி 93, அதில் பாதி 46.5. பிளஸ் ஒன் இயற்பியலில் 70-க்கு 49. 20-க்கு மாற்றினால் 14. பிளஸ் டூ பங்கு முழுசாகக் கிடைத்தால் 30. ஆக இயற்பியலில் 90.5. ஒருமுறைக்கு இருமுறை கூட்டிப் பார்த்தார். கூட்டல் சரியாகத்தான் இருந்தது. அவருக்குத்தான் சரியாகப் படவில்லை.

மூன்று வருஷம் டியூஷன் வைத்த கணக்கில் பையன் பத்தாவதில் வாங்கியது 84. முதல் மூன்றில் அதற்கு இடமே இல்லை. டியூஷனே வைக்காத சமூக அறிவியல் வந்து இயற்பியலையும் வேதியியலையும் தூக்கிப் பிடித்தது. அசோகர் வழியெல்லாம் மரம் நட்டாரே, அந்த நிழல் அத்தனையும் இயற்பியல் மார்க்கில் விழுந்தது. "அலட்டிக்காதே" என்று அப்பாவே உத்தரவாதம் கொடுத்த பிளஸ் ஒன் இருபதில் ஆறை விழுங்கிவிட்டது. நாமக்கல்லுக்குக் கட்டிய பணத்துக்கு என்ன பலன் என்று பார்க்கப் பென்சிலை இன்னொரு முறை எடுத்தவர், எழுதாமலே காதில் செருகிக்கொண்டார்.

அடுத்த கவலை அந்த முப்பது. அகமதிப்பீடு பள்ளிக்கூடத்தார் கையில். ஆன்லைன் வகுப்புக்கு முழு ஃபீஸா என்று போன வருஷம் போனில் அவர்களிடம் பேசிய பேச்சு ஒவ்வொன்றும் ராத்திரியில் நினைவுக்கு வந்தது. லண்டனில் மென்பொருள் வேலை பார்க்கும் மச்சினனைக் கூப்பிட்டுப் புலம்பினார். மச்சினன் 2020 ஆகஸ்டில் இங்கிலாந்தில் நடந்ததைச் சொன்னான். அங்கேயும் பரீட்சை ரத்து. வாத்தியார்கள் போட்ட மதிப்பீடுகளில் கிட்டத்தட்ட 40 சதவீதத்தைக் கணினிச் சூத்திரம் ஒன்று கீழே இறக்கிவிட்டது. பிள்ளைகள் தெருவுக்கு வந்து கோஷம் போட்டார்கள். நாலே நாளில் அரசு சூத்திரத்தைக் கைவிட்டு, வாத்தியார் போட்டதே மார்க் என்று சொல்லிவிட்டது. நம்மவர் இந்த உலக வரலாற்றிலிருந்து தமக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டார். மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்தாருக்கு, "வணக்கமுங்க, வீட்ல எல்லாரும் சௌக்கியந்தானுங்களே?" என்று வாட்ஸப்பில் ரோஜாப்பூ போனது.

உண்மையில் நம்மவருக்கு மார்க்கைப் பற்றிக்கூட அவ்வளவு கவலை இல்லை. இந்த வருஷம் யாருமே பெயிலாக மாட்டார்கள் என்பதுதான் பொறுக்கவில்லை. "செக்கிங்ல ஒரு பீஸ்கூட ரிஜெக்ட் ஆகலீன்னா, செக்கிங்கே நடக்கலீன்னு அர்த்தமுங்க" என்று காம்பவுண்டுச் சுவர் வழியாக அடுத்த வீட்டுக்காரரிடம் வாதாடினார். அடுத்த வீட்டுக்காரர் அதைவிடப் பாவம். அவர் மகள் அந்த வருஷம் பத்தாவது. அவர்களுக்கு மார்க்கே கிடையாது, சான்றிதழில் 'தேர்ச்சி' என்று மட்டும்தான். சொந்தக்காரர்கள் போன் பண்ணி, "எவ்வளவுங்க?" என்றால், "பாஸுங்க" என்பார். "அதுதான் எல்லாருமே பாஸாச்சுங்களே, எவ்வளவுங்க?" என்பார்கள். அந்த மனிதர் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் நம் பிள்ளைக்கும் நடுவே ஓர் இடைவெளி வேண்டும். அந்த இடைவெளிக்குத்தான் ஊரில் மார்க் என்று பெயர். இடைவெளி இல்லாவிட்டால் 600-க்கு 600 வாங்கி என்ன பிரயோஜனம்?

ஜூலை 19, காலை 11 மணி. அமைச்சர் அன்பில் மகேஸ் பொய்யாமொழி முடிவுகளை வெளியிட்டார். 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தேர்ச்சி. நம்மவர் இணையதளத்தைத் திறந்தார்; அது திறக்க யோசித்துக்கொண்டிருந்தது. அதற்குள் வீட்டம்மாவின் போனில் எஸ்.எம்.எஸ். வந்துவிட்டது: 543.68.

"பாயின்ட்டுங்களா?" என்று எட்டிப் பார்த்தார். ஆமாம், அந்த வருஷம் மார்க்கைத் தசமப் புள்ளியோடு போட்டிருந்தார்கள், முழு எண்ணாக்கவில்லை. ஆறு வாரமாகத் தொங்கிப்போயிருந்த அவர் முகத்தில் அப்போதுதான் வெளிச்சம் வந்தது. மைக்ரோமீட்டர்க்காரருக்குப் புள்ளி என்றால் பழகிய இடம். பொறியியல் கட்-ஆஃபில் பி.எஸ்.ஜி.க்கும் ஜி.சி.டி.க்கும் போகிற வழியைப் புள்ளிக்குப் பின்னால் வரும் இரண்டு இலக்கங்கள் தீர்மானிக்கலாம். இடைவெளி உயிரோடுதான் இருந்திருக்கிறது, புள்ளிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு!

உடனே திருப்பூர்ச் சகலைக்குப் போன் போட்டார்.

"ஏனுங் சகலை, பாப்பாவுக்கு எவ்வளவுங்?"

"544.05-ங்க. தம்பிக்கு?"

நம்மவர் மனதுக்குள் கழித்துப் பார்த்தார். 0.37. போனை வைத்துவிட்டு வீட்டம்மாவிடம், "முப்பத்தேழு பாயின்ட் அம்மணி! ஷாஃப்ட்ல இத்தனை வித்தியாசம் இருந்தா பேரிங்கே ஏறாது" என்றார். "பரீட்சை மட்டும் வெச்சிருந்தா என்ற பையன் 580-க்குக் கொறைஞ்சிருக்க மாட்டான். அநியாயம்! கோர்ட்டுக்கே போலாம்!"

மூன்று நாள் இதைக் கேட்ட பையன் நாலாம் நாள் அறையிலிருந்து வெளியே வந்தான்.

"அப்பா, மார்க்குல திருப்தி இல்லாதவங்க ஆகஸ்ட்ல பரீட்சை எழுதலாமாங்ப்பா. அப்ளை பண்ணட்டுமுங்களா?"

நம்மவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதுல கொறைஞ்சு போச்சுன்னா?"

"அதுல வாங்கறதுதான் ஃபைனலுங்ப்பா. இது போயிரும்."

வீட்டில் கொஞ்ச நேரம் மிக்ஸி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. "நமக்கெதுக்குங்கண்ணு வம்பு" என்றார் கடைசியில். "கவர்மென்ட்டு நாலையும் யோசிச்சுத்தான குடுத்துருக்குது." நம்மவர் தனி ஆளில்லை. தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் இந்தப் பேச்சு இதே மாதிரி முடிந்திருக்கும்போல. ஆகஸ்டில் அந்தப் பரீட்சையை எழுதியவர்கள் பெரும்பாலும் தனித்தேர்வர்கள்தான்.

2022 மே மாதம் பொதுத்தேர்வு வழக்கம்போலத் திரும்பி வந்தது. 2025-26 முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு கிடையாது என்று மாநிலக் கல்விக் கொள்கையிலும் வந்துவிட்டது. சொந்தக்காரர்கள் சந்தோஷப்படுகிறார்கள். நம்மவர் மட்டும் நம்புவதாக இல்லை. "இன்னைக்கு இல்லைம்பாங்க, நாளைக்கு இருவது பர்சன்ட்டும்பாங்க" என்று எச்சரிக்கிறார். 2021 அவருக்கு ஒரு பாடத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டது: எது எப்போது கணக்கில் வரும் என்று எவனுக்கும் தெரியாது.

ஆகவே சின்னவளுடைய எல்லாக் காகிதங்களும் இப்போது ஃபைலில் இருக்கின்றன. வாரத் தேர்வு, மாதத் தேர்வு, ஓவியப் போட்டி, யோகா சான்றிதழ், முக்கியமானவற்றுக்கு லேமினேஷன். போன வாரம் அவள் அல்ஜீப்ரா போட்டுப் பார்த்துக் கிழித்தெறிந்த ஒரு தாளையும் குப்பைக் கூடையிலிருந்து எடுத்து நீவிக்கொண்டிருந்தார்.

"அப்பா, அது ரஃப் நோட்டுங்ப்பா" என்றாள் அவள்.

"ரஃப் நோட்டுன்னு இனிமே ஒண்ணு கிடையாது சாமி" என்று சொல்லி, பஞ்சிங் மெஷினை எடுத்தார் நம்மவர்.