கஞ்சி கேட்கும் காகிதம்

கேள்வி: மகளின் பிறந்தநாள் அழைப்பிதழுக்கு வீட்டிலேயே காகிதம் செய்தேன். எழுதினால் மை ஊறிப் பரவுகிறதே?
- ஒரு வாசகி, வேங்கிக்கால்

பதில்: உங்கள் காகிதத்துக்குப் பசி, கஞ்சி கொடுங்கள்! சோறு வடித்த கஞ்சியை வடிகட்டி, நீர்க்கக் கலந்து, உலர்ந்த தாளில் மெல்லத் தடவிக் காயவையுங்கள். இழைகளுக்கு நடுவே உள்ள துளைகளை மாவுச்சத்து அடைத்துவிடும். மை போட்ட இடத்தில் நிற்கும்.

வாட்ஸ்அப்பில் ஊரையே கூப்பிடும் காலத்தில் கையால் அழைக்கிறீர்களே, மனம் நிறைகிறது. காகிதக் கூழுக்குச் செய்தித்தாள் வேண்டாம், தாள் சாம்பல் பூத்துவிடும். பிள்ளைகளின் பழைய நோட்டே நல்லது. அதைவிட உயர்ந்தது பருத்தி. புதுச்சேரியில் 1959-இல் தொடங்கிய ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமக் கைக்காகிதக் கூடம் பருத்திக் கழிவில்தான் தாள் செய்கிறது. இழை நீளம், அதனால் உறுதி. ஆனால் பழைய வேட்டியை மிக்ஸியில் போட்டுவிடாதீர்கள், பிளேடில் சுற்றிக்கொள்ளும்!

ஒன்று மட்டும்: அழைப்பிதழுக்கு மஞ்சள் வைக்க நான்கு மூலைகளிலும் கஞ்சி தடவாமல் விடுங்கள். வழவழப்பு அட்டையில் மஞ்சள் உதிர்ந்துவிடும். உங்கள் தாள் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.