கண்டுபிடிச்சிட்டன்

கக்கூசுக்குள் தலையை நீட்டி, சிஸ்ரேன் மூடியைக் கழற்றி நிலத்தில் வைத்துவிட்டு, ஒரு கையை உயர்த்தி "ஒருதரும் கதையாதேங்கோ, சத்தம் கேக்குது" என்பாரே, அந்த அத்தான்தான். தென்மராட்சியில் பலாமரம் இல்லாத வளவு இருந்தாலும் இப்படியொரு அத்தான் இல்லாத வளவு கிடையாது. எங்கள் அக்காவின் புருசனை நான் சொல்லவில்லை. பொதுவாகச் சொல்கிறேன். பொதுவாக இந்த அத்தான்மார் ஓவசியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருப்பார்கள், சாவகச்சேரிச் சந்தைக்குச் சைக்கிளில் போவார்கள், மூத்த மகன் ஸ்காபரோவில் இருப்பான்.

சாயப் பரிசோதனைதான் அவருக்கு உயிர். சிஸ்ரேன் தண்ணீருக்குள் நிறம் எதையாவது கரைத்துவிட்டு அரை மணித்தியாலம் யாரும் தண்ணீர் இழுத்துவிடாமல் இருந்தால் போதும். கொமட்டுக்குள் நிறம் இறங்கினால் ஒழுக்கு உண்டு. சிஸ்ரேனில் தண்ணீர் நடுக்குழாயின் வாய்வரை நின்றால் மிதவையில் பிழை, அதற்குக் கீழே நின்றால் அடியை மூடும் ரப்பரில் பிழை. சாத்திரம் அவ்வளவுதான். ஒருக்காப் பார்த்தால் விளங்கிவிடும்.

அத்தானுக்கு ஒருக்காப் போதாது. முதலில் சட்டைக்குப் போடும் நீலம். இறங்கியது. "கண்டுபிடிச்சிட்டன்!" மறுநாள் மஞ்சள். அதுவும் இறங்கியது. "கண்டுபிடிச்சிட்டன்!" பிறகு ஒருவருக்கும் சொல்லாமல் பீற்றூட் அவித்த தண்ணீரை ஊற்றினார். இரவு எழும்பிப் போன மாமி கொமட்டைப் பார்த்துவிட்டு, தனக்கு ஏதோ பெரிய வருத்தம் வந்துவிட்டதென்று அழுதுகொண்டு ஆசுப்பத்திரிக்கு வெளிக்கிட்டுவிட்டா. ஓட்டோ படலைக்கு வந்த பிறகுதான் அத்தான் வாய் திறந்தார். "பயப்பிடாதேங்கோ மாமி, அது என்ரை பீற்றூட்."

ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு விரிவுரை உண்டு. "குடாநாட்டுக்குக் கீழை முழுக்கச் சுண்ணாம்புக்கல்லு. கிணத்துத் தண்ணி கல்சியத்தைக் கரைச்சுக்கொண்டு வருது. அது ரப்பரிலை வெள்ளையாப் படியுது. பிறகு ரப்பர் எப்பிடி மூடும்?" மறுக்க வழியில்லை, கேத்திலின் அடியிலும் அதே வெள்ளைதான். அத்தான் சொல்வதெல்லாம் சரி. கொடுமையே அதுதான்.

"அப்ப ரப்பரை மாத்துவம் அத்தான்."

"பொறும். மூலகாரணம் தெரியாமல் கைவைக்கப்படாது."

ஸ்காபரோவுக்கு வீடியோவில் அழைப்புப் போகும். அங்கே நடுச்சாமம். போர்வைக்குள் இருந்தபடி பொடியன் ஊர்ச் சிஸ்ரேனைப் பார்த்துவிட்டு, "அப்பா, ரப்பரை மாத்துங்கோ" என்பான். "அவனுக்கு அனுபவம் காணாது" என்று அத்தான் போனை வைப்பார்.

இதற்குள் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. மோசமாக ஒழுகும் சிஸ்ரேன் ஒன்று நாளைக்கு 700 லீற்றர்வரை விழுங்கிவிடும். கூரையில் 1000 லீற்றர்த் தாங்கி இருந்தும் விடியப்புறமே மோட்டர் போடவேண்டிக் கிடக்கிறது. ஆவணி வெயிலில் கிணற்றின் அடி தெரிகிறது. கரண்ட் பில்லைக் கட்டுவது அக்கா. கக்கூசுக் குழி நிரம்பினால் பவுசர் பிடிப்பதும் அக்கா. நிரம்பாமல் ஊறினால், அத்தான் படிப்பித்த அதே சுண்ணாம்புக்கல் வெடிப்புகளால் குழித்தண்ணீர் அயல் கிணறுகளுக்குப் போகும். வருசம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லாத குடாநாடு இது. நிலத்தடித் தண்ணீரை விட்டால் வேறு கதி இல்லை. சந்தைக்குப் பக்கத்துக் கடையில் கொத்தாகத் தொங்கும் ஒரு ரப்பர் வளையத்துக்காகவா இவ்வளவும்? எரிச்சல் வருகிறது.

2000 ஆம் ஆண்டுச் சண்டையில் சாவகச்சேரி தரைமட்டமாகி, சனம் திரும்பி வந்தபோது, கூரையில்லாத வீடுகளும் குப்பை மூடிய கிணறுகளும்தான் மிச்சம். அயலட்டைக் கிணறுகளில் கயிற்றைப் பிடித்து இறங்கி, சேறு வாரி, இறைத்துத் துப்புரவாக்கித் தந்தவர் இதே அத்தான். அன்றைக்கு அவர் ஒரு விரிவுரையும் வைக்கவில்லை. அதை நினைத்துத்தான் அக்காவும் இவ்வளவு நாள் பொறுத்தா.

பிறகு, அவர் கோயிலுக்குப் போயிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, தண்ணீரைப் பூட்டிவிட்டு, படிந்திருந்த வெள்ளையைக் கத்தியால் சுரண்டி, புது ரப்பரைப் போட்டுவிட்டா. தேத்தண்ணி ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை.

அத்தான் வந்ததும் வழக்கம்போல் நீலத்தைக் கரைத்தார். அரை மணித்தியாலம் போனது. கொமட்டில் பளிங்குத் தண்ணீர். இன்னும் அரை மணித்தியாலம் இருந்து பார்த்தார். ஒன்றும் இறங்கவில்லை. முகம் வாடிப்போயிற்று.

"கடைக்காரன் ஏமாத்திப்போட்டான். இந்த நீலம் சரியில்லை" என்று சொல்லிக்கொண்டே, வேறு வாங்கிவரச் சைக்கிளை உருட்டினார்.