கீழே கடை, மேலே வீடு

கேள்வி: மாசி வீதிகளில் கீழே கடை, மேலே வீடு. சொத்து வரி போட ஒரே கட்டடத்தைக் கூறு கூறாகப் பிரிப்பது வீண் வம்புதானே?
– வாசகர், செல்லூர், மதுரை

பதில்: பிரிக்காவிட்டால்தான் வம்பு. 2022-இல் தமிழக அரசு சொத்து வரியை உயர்த்தியபோது, மதுரை போன்ற மாநகராட்சிகளில் 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,800-ஐத் தாண்டிய வீட்டுக்கு 100 சதவீதம் ஏறியது. கடைக்கோ அளவு எதுவானாலும் 100தான். முழுவதையும் கடை என்று எழுதினால், மாடியில் மோர் மிளகாய் காய வைக்கும் அப்பத்தாவும் வியாபாரி ஆகிவிடுவார். வீடு என்று எழுதினால் கீழே பாத்திரக்கடைக்காரருக்குத் தீபாவளி. ‘பில் கலெக்டர் மனம்போல் கூறு போட மாட்டாரா?’ என்பீர்கள். போடலாம். ஆனால் ஷட்டர் போட்ட பகுதி, மாடிப்படிக்கு அடியில் சரக்கு அடைத்த அறை, மொட்டை மாடித் தகரக் கொட்டகை என்று தனித்தனியே அளவு எழுதியிருந்தால்தான் ஆட்சேபிக்க உங்களுக்கும் ஒரு பிடி கிடைக்கும்; ‘மொத்தமாக இவ்வளவு’ என்ற நோட்டீஸோடு எதை வைத்து வாதாடுவீர்கள்? இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. 1,800 சதுர அடி வீட்டுக்கு உயர்வு 75 சதவீதம். அதையே மூன்று 600-ஆகக் காட்டினால் 25. கூறு போடும் கலையில் உரிமையாளரும் சளைத்தவரல்ல! அதற்கு மருந்து, பயன்பாடோ பத்திரமோ மாறும் இடத்தில் மட்டும் கோடு போடுவது. அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்ற இடமெல்லாம் அந்தக் கணக்கில் வராது.