வண்டலூரில் பார்க்க வேண்டியவை

வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா 602 ஹெக்டேர் பரப்புள்ளது. 1855இல் சென்னை நகருக்குள் தொடங்கிய விலங்குக் காட்சிசாலை 1985இல் இங்கே குடிபெயர்ந்தது. குறுகிய கூண்டுகளுக்குப் பதில் அகழியும் திறந்தவெளியும் வந்ததால் விலங்குகளுக்கு நடமாட இடம் கிடைத்தது. அந்த நடையில் பெரும்பங்கு பெற்றோர் காலில் விழுந்தது.

மூன்று வயதுக் குழந்தை இங்கே முதலில் கவனிப்பது காகத்தை. அடுத்து அணில், குடிநீர்க் குழாய், பக்கத்துப் பிள்ளையின் தொப்பி. அகழிக்கு அப்பால், நிழலில், வெள்ளைப் புலி படுத்திருக்கும். “அதோ பாரு கண்ணு, புலி!” என்று அப்பா நீட்டும் விரலைத்தான் குழந்தை ஆராயும். புலியை உண்மையிலேயே பார்ப்பவர் பாட்டி ஒருவரே. பேட்டரி வண்டிக்குக் காத்திருக்க மனமில்லாத குடும்பங்களில் குழந்தை அப்பாவின் தோளேறும். யானை இருக்கும் பக்கம் போவதற்குள் தூங்கியும்விடும். கொண்டுபோன தயிர்சாதம் அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வரும்.

செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. வாசல்வரை போய் இதைத் தெரிந்துகொள்ளும் குடும்பங்கள் இளநீர் குடித்துவிட்டுத் திரும்புகின்றன. செலவும் குறைவு, கால்வலியும் இல்லை.