ஊரே இல்லாத ஊருக்கு ஒரு குடும்ப டிக்கெட்

பிள்ளைகுட்டியோடு கப்பல் ஏறிப் போய்வர எந்த ஊர் நல்லது என்று அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துக் குடும்பங்கள் மண்டையை உடைத்துக்கொள்ளவே வேண்டாம். நமக்காக யோசிக்கிறவர்கள் யோசித்து, ஈடு இணையில்லாத ஓர் ஊரை ஏற்கனவே தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறார்கள். அந்த ஊரின் பெயர் நடுக்கடல். அங்கே பார்க்க ஒன்றுமே கிடையாது. ஆகவே, அதைப் பார்க்காமல் வந்துவிட்டோமே என்ற மனக்குறையோடு இதுவரை ஒருவரும் திரும்பியதில்லை. கோயில் கிடையாது, கியூ கிடையாது, வாசலில் விட்ட செருப்பு காணாமல் போகாது. ஆட்டோக்காரரோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. இறங்கினால்தானே ஆட்டோ?

2022 ஜூன் 4ஆம் தேதி சென்னைத் துறைமுகத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கிவைத்தது இந்த மகத்தான திட்டத்தைத்தான். கார்டிலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்' கப்பல்: 11 தளங்கள், ஏறத்தாழ 800 அறைகள், நீச்சல் குளம், நாடக அரங்கு, சூதாட்டக் கூடம். இரண்டு நாள் திட்டத்தில் கப்பல் ஆழ்கடலுக்குப் போகும், ஆழ்கடலைப் பார்க்கும், திரும்பி வரும். புறப்பட்ட இடத்திலேயே பத்திரமாக இறக்கிவிடும். இதைவிட நாணயமான வியாபாரம் உண்டா? எடுத்த பொருளை எடுத்த இடத்திலேயே வைக்கிற பழக்கம் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு என்றைக்கு வந்திருக்கிறது?

பழைய காலத்துக் கப்பல்களுக்கு இந்த நாசூக்கு சற்றும் கிடையாது. 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' என்று ஒரு கப்பல். சென்னையில் ஏறியவர்களை நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்துகொண்டிருந்தது. ஏறினவர்கள் அங்கே போய்ப் பிழைத்தார்கள், கடை வைத்தார்கள், கல்யாணம் பண்ணினார்கள். இன்னொரு பக்கம் போட் மெயில். ரயிலில் தனுஷ்கோடி வரை போய், அங்கே கப்பல் மாறினால் தலைமன்னார். மறுபடி ரயில் ஏறினால் கொழும்பு. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை வாரிக்கொண்டு போகும் வரை இந்த அநாகரிகம் நடந்தது. பயணி எங்கேயாவது போய்ச் சேர வேண்டும் என்ற ஒரே எண்ணத்தைத் தவிர அந்தக் கப்பல்காரர்களுக்கு வேறு கற்பனையே இல்லை. மேல்தளத்தில் பாயை விரித்துப் படுத்துக்கிடந்த ஜனங்களும், பாவம், ஊர் வந்தவுடன் இறங்கிவிட்டார்கள்.

எங்கும் போகாத கப்பல் உலகம் அறியாதது அல்ல. 1920களில் அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்தபோது, கரையில் குடிக்க முடியாதவர்களைக் கடலுக்குள் கூட்டிப்போய், தாகம் தீர்த்துத் திரும்பக் கொண்டுவந்து விட்ட கப்பல்கள் இருந்தன. கொரோனா சமயத்தில், எல்லைகள் எல்லாம் அடைபட்டுக் கிடந்த 2020 நவம்பரில், சிங்கப்பூரிலிருந்து 'வேர்ல்டு ட்ரீம்' என்ற கப்பல் எந்தத் துறைமுகத்தையும் தொடாமல் சுற்றிவந்தது. அவர்கள் போக வழியில்லாமல் செய்தார்கள். நாமோ, எல்லா வழியும் திறந்து கிடக்கும்போதே செய்கிறோம். துறவு என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

பிள்ளைகளுக்கு என்று இவர்கள் செய்திருக்கும் ஏற்பாடுகளைச் சொல்லி முடியாது. முதலில் காலத்தைக் கவனியுங்கள். நம் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும். அப்போது கப்பல் பெரும்பாலும் மும்பை, கோவா, லட்சத்தீவுப் பக்கம் இருக்கும். ஜூன் மாதம் மேற்குக் கடலில் தென்மேற்குப் பருவமழை ஆரம்பித்து அலை எழும்பியவுடன், நம் பக்கத்துக் கடலைத் தேடி வரும். அதே ஜூனில்தான் பள்ளிக்கூடமும் திறக்கும். புதுப் புத்தகத்துக்கு அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, யூனிஃபார்ம் தைத்து வாங்கிய வாரத்திலேயே லீவ் லெட்டர் எழுதும் பயிற்சியும் பிள்ளைக்குக் கிடைத்துவிடுகிறது. கல்வியில் இவ்வளவு அக்கறை உள்ள கப்பலை வேறு எந்தத் தேசத்தில் காண முடியும்?

அடுத்தது அறை. சிக்கனமான குடும்பத்துக்குக் கிடைப்பது கப்பலின் உள்பக்கத்து அறை. ஜன்னல் கிடையாது. விளக்கை அணைத்தால் பகலும் ராத்திரியும் ஒன்றுதான். கடலைப் பார்க்க வந்த பிள்ளை கடலைப் பார்த்துப் பயந்துவிடக் கூடாதே என்ற தாயுள்ளம்! கட்டிலுக்கு மேலே இன்னொரு கட்டில் சுவரிலிருந்து இறங்கும். அதில் யார் படுப்பது என்று அண்ணனுக்கும் தங்கைக்கும் நடக்கிற சண்டைதான் பயணத்தின் முதல் கேளிக்கை. இதற்குத் தனிக் கட்டணமும் இல்லை.

நடைபாதையில் காதில் விழக்கூடிய பேச்சு இப்படி இருக்கும்:

"ஏங்க, நாம எந்த ஊருக்குப் போறோம்னு கேட்டு உயிரை எடுக்குறான்."

"கப்பலுக்குப் போறோம்னு சொல்லும்மா."

"கப்பல்லதானே இருக்கோம்?"

"அப்போ, வந்து சேர்ந்தாச்சுன்னு சொல்லு."

ஏறினவுடன் வந்து சேர்ந்துவிடுகிற வசதி வேறு எந்த வாகனத்தில் இருக்கிறது?

பெரியவர்களையும் அவர்கள் மறக்கவில்லை. தமிழ்நாட்டு மண்ணில் சூதாட்ட விடுதி நடத்தக் கூடாது. நம் சட்டம் கறாரானது. ஆனால் அது கடற்கரையிலிருந்து 12 கடல் மைல் நடந்ததும், அதாவது சுமார் 22 கிலோமீட்டரில், களைத்து உட்கார்ந்துவிடும். ஆவடியிலிருந்து சென்ட்ரலுக்கு மின்சார ரயிலில் எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான் ஒழுக்கத்தின் எல்லை. அதைத் தாண்டியதும் சூதாட்டக் கூடத்தில் விளக்கு எரியும். பிள்ளைக்கு மேஜிக் ஷோ, அப்பாவுக்கு இந்த ஷோ. இரண்டிலும் கையில் இருந்தது மாயமாவதுதான் விசேஷம். ஒரே கூரையின் கீழ் தலைமுறைக்கு ஒரு பாடம்; இதைத்தான் குடும்பச் சுற்றுலா என்கிறார்கள்.

நடுக்கடல் பிடிக்காத பிடிவாதக்காரர்களுக்கு இரண்டாவதாக ஐந்து நாள் திட்டமும் வைத்திருந்தார்கள். பூந்தமல்லியிலிருந்து புதுச்சேரிக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பஸ் ஏறினால் நாலு மணி நேரம். அது பாமரர் வழி. கப்பல் வழி எப்படியென்றால், வடக்கே ஏறத்தாழ 600 கிலோமீட்டர் போய் விசாகப்பட்டினத்தைத் தொட்டு, அங்கிருந்து தெற்கே திரும்பி, சென்னையையும் கடந்து வந்து புதுச்சேரி. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதை நம் முன்னோர்கள் பழமொழியோடு விட்டுவிட்டார்கள். அதற்கு டிக்கெட் போட்டு விற்கலாம் என்று கண்டுபிடிக்க 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த ஜூனில் நடந்ததையும் சொல்ல வேண்டும். புதுச்சேரிக்கு எதிரே கப்பல் வந்து நின்றது. உள்ளே சூதாட்டம் இருக்கிறது என்று அங்கே எதிர்ப்பு கிளம்ப, புதுச்சேரி அனுமதி கொடுக்கவில்லை. பயணிகள் கப்பலிலிருந்தே புதுச்சேரி இருக்கும் திசையைக் கண்குளிரப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்கள். மது ஆறாக ஓடுகிற ஊர் ஒன்று, ஒழுக்கம் கெட்டுவிடும் என்று ஒரு கப்பலை வாசலோடு திருப்பி அனுப்பியதைத் தரிசிக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது இலங்கை. 2023 ஜூன் 5ஆம் தேதி மத்திய அமைச்சர் சர்பானந்த சோனோவால் சென்னையிலிருந்து அதே எம்பிரஸ் கப்பலை இலங்கைக்கு வழியனுப்பினார். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை. இதற்காகத் துறைமுகத்தில் ரூ.17.21 கோடியில் பயணிகள் முனையமும் திறந்தார்கள். இந்தத் திட்டத்தில் கரை தென்படுகிறது, இறங்கவும் விடுகிறார்கள் என்பது ஒரு குறைதான். ஆனாலும் அளவோடுதான். காலையில் இறங்கினால் சாயங்காலம் ஏறிவிட வேண்டும். கோணேசுவரரைக் கும்பிட்டோமா, போட்டோ எடுத்தோமா, பிள்ளைகளை எண்ணினோமா, கப்பல் ஹாரன் அடித்துவிடும். ஓர் ஊரை முழுதாகப் பார்த்து, அங்கே நாலு பேரோடு பேசிப் பழகி, அதன் மேல் ஆசை வைத்து அவதிப்படுகிற ஆபத்தே கிடையாது.

இந்த இடத்தில் இரண்டு போலிகளைப் பற்றி எச்சரிக்கை செய்வது என் கடமை. ஒன்று, நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல். 2023 அக்டோபர் 14ஆம் தேதி 'செரியாபாணி'யோடு ஆரம்பித்து, சில நாட்களிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடி கிளம்பியது. சுமார் 110 கிலோமீட்டர், நாலு மணி நேரம் சொச்சம். அதில் நீச்சல் குளம் இல்லை, மேஜிக் ஷோ இல்லை. உட்கார்ந்தால் யாழ்ப்பாணத்துப் பக்கம் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள், அவ்வளவுதான். இரண்டாவது, சென்னையிலிருந்து அந்தமானுக்குப் போகும் அரசுக் கப்பல். ஏறத்தாழ மூன்று நாள் கடல். பங்க் வகுப்பில் மேலும் கீழுமாகப் படுக்கை, தட்டை ஏந்தி வரிசையில் நின்று சாப்பாடு. கடலைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போன பிள்ளைக்கு மூன்றாம் நாள் தீவு தெரியும். பிள்ளை கத்தி ஊரைக் கூட்டும். கரை தெரிந்தால் கத்துகிற பழக்கத்தைச் சின்ன வயதிலேயே ஏற்படுத்துவது நல்லதா என்று பெற்றோர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஊர் முடிவாகிவிட்டது. இனித் துறைமுகம் போய்ச் சேர வேண்டியதுதான் பாக்கி. இதிலும் மேற்குப் புறநகர்க்காரர்களுக்குத் தனிக் கவனிப்பு உண்டு. மதுரவாயலிலிருந்து துறைமுகத்துக்கு, சுமார் 20 கிலோமீட்டருக்கு, ஒரு பறக்கும் சாலை. 2009இல் அடிக்கல் நாட்டினார்கள். 2012இல் நிறுத்தினார்கள். கூவத்தில் வரிசையாக நின்ற தூண்கள் வருஷக்கணக்கில் எதையும் தாங்காமல், தாங்கத் தயாராக மட்டும் நின்றன. 2022 மே 26ஆம் தேதி பிரதமர் அதே சாலைக்கு ஈரடுக்காக மறுபடி அடிக்கல் நாட்டினார். சரியாக ஒன்பது நாள் கழித்து எங்கும் போகாத கப்பல் புறப்பட்டது. எங்கும் போகாத சாலை முந்திக்கொண்டு வழிகாட்ட, கப்பல் பின்னால் வந்திருக்கிறது. இந்தப் பொருத்தத்தை எந்த ஜோசியரும் கணித்திருக்க முடியாது. அந்தச் சாலை திறக்கும் வரைக்கும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பிள்ளைகள் கற்றுக்கொள்ளும் பொறுமை கடலில் உதவும்.

'எங்கள் பக்கமே தண்ணீர் இருக்கும்போது கடலுக்கு ஏன் போக வேண்டும்?' என்று கேட்கிற சிக்கனக்காரர்களும் உண்டு. உண்மைதான். ஆவடி பருத்திப்பட்டு ஏரியில் படகு விட்டிருக்கிறார்கள். அதற்கும் சோம்பல் என்றால், 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் புறநகரில் பல தெருக்களுக்குப் படகே நேரில் வந்தது. ஏரியின் கலங்கலிலும் கால்வாயிலும் வீடு கட்ட விட்டவர்களின் தொலைநோக்கு அது. ஆனால் அந்தப் படகுக்கும் ஒரு பழைய நோய் இருக்கிறது. ஏறினவர்களைக் கொண்டுபோய்க் கரை சேர்த்துவிடுகிறது. ஆகவே அதையும் தள்ளுபடி செய்யலாம்.

எந்த ஊருக்குப் போனாலும் ஏதாவது ஒன்றை வாங்கிவர வேண்டும் என்பது நம் வழக்கம். திருநெல்வேலி போனால் அல்வா, மணப்பாறை போனால் முறுக்கு, ஸ்ரீவில்லிபுத்தூர் போனால் பால்கோவா, பழனி போனால் பஞ்சாமிர்தம். எதிர் வீட்டுக்கு ஒன்று, மேல் வீட்டுக்கு ஒன்று, ஆபீசுக்கு ஒன்று என்று பையும் தோளும் பிய்ந்துபோகும். நடுக்கடலுக்குப் போனவர்களுக்கு அந்தச் சுமை இல்லை. அந்த ஊரின் விசேஷம் கப்பல் அட்டையில் ஏறிய கணக்குதான்: குடித்ததற்கு, வைஃபைக்கு, போட்டோவுக்கு. காகிதம்தானே, கனமே தெரியாது. பங்கு கேட்டு யாரும் வரவும் மாட்டார்கள்.

ஆகவே, தயங்காமல் நடுக்கடலுக்கே டிக்கெட் போடுங்கள். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை: கப்பல் என்பது ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போவதற்கு என்று பிள்ளைகளிடம் வாய்தவறிக்கூடச் சொல்லிவிடாதீர்கள். அடுத்த வருஷம் நாகப்பட்டினத்துக்குக் கூட்டிப்போகச் சொல்லி அடம்பிடிப்பார்கள். நீங்களும் போய், நாலு மணி நேரத்தில் இறங்கி, அங்கேயும் தமிழ் பேசுகிறார்களே என்று நாலு நாள் தங்கிவிடுவீர்கள். கப்பலுக்குள்ளேயே செலவாக வேண்டிய பணம் ஓர் ஊரில் போய்ச் செலவாகிவிடும்.