நூற்றுப் பதினேழாம் சங்கீதம்

ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் கரையிறங்கினார். 1715-க்குள் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சேறிவிட்டது. ஜெர்மனியிலிருந்து வந்த அச்செழுத்து பெரிதாக இருந்து காகிதத்தை விழுங்கியதால், இங்கேயே பொடி எழுத்து வார்த்தார்கள். இத்தனை பாடும் எதற்கு? முந்நூறு வருஷம் கழித்துத் தஞ்சாவூரில் ஒரு தகப்பன், "ஒரே ஒரு அதிகாரம், ப்ளீஸ்" என்று பிள்ளைகளிடம் கெஞ்சுவதற்கு!

எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் இரவு எட்டு மணிக்கு. சீரியலும் எட்டு மணிக்குத்தான். ஆகவே ஜெபம் விளம்பர இடைவேளையில். மகன் செல்போனில் வேதம் வாசிக்கிறான். அவன் வேதத்தில் மட்டும் அவ்வப்போது கிரிக்கெட் ஸ்கோர் வருகிறது. மகளின் முறை வந்தால் எப்போதும் 117-ஆம் சங்கீதம். இரண்டே வசனம். கோபம் வந்தால் நான் 119-ஐ எடுப்பேன், 176 வசனம். என் பிரசங்கமோ, மேட்டூர் திறந்தும் கடைமடைக்கு வராத தண்ணீர் மாதிரி, சோபாவின் மறுகோடியை எட்டுவதே இல்லை.

இதே ஊரில்தான் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் ஏறத்தாழ தொண்ணூறு வயதுவரை வாழ்ந்து பாட்டுப் பாட்டாய் எழுதிக் குவித்தார். அவருக்கென்ன, 1864-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

சீரியல் எடுக்கும் புண்ணியவான்களே, கதையை எட்டரைக்குத் தள்ளுங்கள். உங்களுக்காகவும் ஜெபிக்கிறோம்.