ஈர லுங்கி

அன்புள்ள அண்ணனுக்குத் தம்பி எழுதுவது. நான் நலம், சைக்கிளும் நலம். டெண்ட்டுக்குத்தான் சளி பிடித்திருக்கிறது.

"வூட்ல காரை நிறுத்திட்டு எவனாச்சும் மழையில தனியா சைக்கிள் மிதிப்பானா?" என்று அண்ணி கேட்டாங்களாமே. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த நம்ம சொல்தா மாமாவும், "பிரான்சுக்குப் போயும் இவன் அரியாங்குப்பம் ஸ்கூலுக்குப் போன மாதிரியேதான் போறான்" என்று தலையில் அடித்துக்கொண்டாராம். இரண்டு பேருக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

பிரான்சின் மேற்கே, பிரெத்தாஞ் பக்கம், ரெதோன் என்கிற ஊரில் கிளம்பினேன். நாந்த்–பிரெஸ்த் கால்வாய்க் கரையை ஒட்டியே பாதை. லாரியும் கிடையாது, குறுக்கே ஆடும் வராது. பாகூர் ஏரி மதகு மாதிரி வழியெல்லாம் கதவுகள், பக்கத்தில் ஒரு குட்டி வீடு. மொத்தம் 364 கி.மீ., நான் ஓட்டியது அதில் ஒரு துண்டுதான். இங்கிலீஷ்காரன் கப்பலை நிறுத்திக் கடலை மறித்துவிட்டான் என்று நெப்போலியன் வெட்டச் சொன்ன கால்வாய் இது. 1842-ல் முழுசாகத் திறந்தபோது சண்டையும் இல்லை, அவரும் இல்லை. நம்ம ஊர் பாலம் வேலையை இனி நான் குறை சொல்லப்போவதில்லை.

மழைக்கு வருகிறேன். 2024-ல் ஃபெஞ்சல் புயலப்போ புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ. கொட்டியதே, அது மொய் வைக்கிற மழை. இங்கே பிரெஸ்த் பக்கமும் வருஷக் கணக்கு கிட்டத்தட்ட நம்ம அளவுதான். ஆனால் தண்டல்காரன் மாதிரி தினமும் வந்து கொஞ்சம் கொஞ்சமாக வசூல் பண்ணும். கேட்டால், "இது மழையில்லை மிஸ்ஸியே, கிராஷேன்" என்கிறார்கள், அதாவது வெறும் தூறலாம். பிரெத்தாஞில் மழை முட்டாள்கள் மேல் மட்டும்தான் பெய்யும் என்று ஒரு பேச்சும் உண்டு. நான் உள்ளாடைவரை நனைந்தேன்.

முதல் ராத்திரி, புல் மெத்தென்று இருக்கிறதே என்று பள்ளத்தில் டெண்ட் அடித்தேன். நடுச்சாமத்தில் என் ஷூ மிதந்து வந்து என்னை எழுப்பியது. சுண்ணாம்பாற்றங்கரையில் பிறந்தவனுக்கு மேடு பள்ளம் தெரியவில்லை பாருங்கள்! இதை மட்டும் மாமாவுக்குப் படிக்க வேண்டாம். பக்கத்து டெண்ட் பாட்டி, எழுபது வயசிருக்கும், அவங்களும் தனியாகத்தான் சைக்கிளில் வந்திருந்தாங்க. காலையில் காப்பி கொடுத்தாங்க, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

கால்வாய்க் கரையிலேயே இருக்கும் போன்திவியில் கலேத் சாப்பிட்டேன். கருப்பு மாவில் மெல்லிசாக ஊற்றி முட்டை உடைத்துப் போடுகிறார்கள். நம்ம கேழ்வரகு அடைக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. சட்னி கேட்க வாய் வரை வந்துவிட்டது.

அங்கிருந்து பிளாவே ஆற்றோரமாக லோரியான். 1666-ல் பிரெஞ்சு இந்தியக் கம்பெனிக்காரன் கப்பல் கட்ட உட்கார்ந்த இடம். பேருக்கே கிழக்கு என்றுதான் அர்த்தம், அதாவது நம்ம பக்கம். படகில் எதிர்க்கரை போர்-லூயி கோட்டைக்குப் போனால் கம்பெனி மியூசியம். நம்ம கரையிலிருந்து கப்பலேறிப் போன மாதிரிப் பருத்தித் துணிகளைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். ஒரு சொட்டு ஈரம் பட்டிருக்காது. நாலு நாளாகக் காயாத லுங்கியைத் தோள் பையில் தொங்கவிட்டு நான் நிற்க, காவலாளி தரையில் சொட்டுகிற தண்ணியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் இரண்டு லுங்கி கொடுத்தனுப்புங்கள். மெல்லிசாக, சீக்கிரம் காய்கிற மாதிரி.

இப்படிக்கு,
தம்பி